மீனுக்கு முன்னே பாக்டீரியா வளரட்டும்



வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பது கிராமங்களிலும் பரவியிருக்கிறது. சிமெண்டுத் தொட்டியில் கப்பி, மோலி வளர்த்து, குட்டிகளை விற்று நாலு காசு பார்ப்பவர்களும் உண்டு. இவர்களில் அநேகம் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "புதுத் தொட்டி, தண்ணியும் பளிங்கு மாதிரி இருந்தது. பத்தே நாளில் மீனெல்லாம் மிதந்துடுச்சே, ஏன் சார்?"

தொட்டி புதுசு என்பதுதான் காரணம். மீன் தின்ற இரையின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீவனமும் அம்மோனியாவைத்தான் விடும். அது கண்ணுக்குத் தெரியாது; தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஏரி, குளம் என்றால் பரந்த நீர். தொட்டியில் அது எங்கே போகும்?

இதைத் தின்று தீர்க்க பாக்டீரியா இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமானதுதான். புன்செய் நிலத்தில் யூரியா போடுகிறோம். அது அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகிப் பயிருக்குச் சேருகிறதே, அந்த வேலையைச் செய்கிற இனம். 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். தொட்டியிலும் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். இடையில் வருகிற நைட்ரைட்டும் விஷமே. மீனின் ரத்தம் பழுப்பு நிறமாகிவிடும். தண்ணீரில் பிராணவாயு இருந்தும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது.

இந்த பாக்டீரியா கல்லிலும் மணலிலும் வடிகட்டி ஸ்பாஞ்சிலும் வழுவழுப்பாக ஒட்டி வாழும். பெருகுவதோ மெதுவாக. பாலில் உறை ஊற்றினால் விடிவதற்குள் தோய்ந்துவிடும். இங்கே மூன்று முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அவசரம் என்றால் இதற்கும் உறைமோர் உண்டுங்க. நோயில்லாமல் மீன் வளரும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லோ, அழுக்கு ஸ்பாஞ்சோ ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஐம்பது லிட்டர் தொட்டி என்றால் முதலில் நாலைந்து கப்பி போதும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவே தீவனம். காற்று மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும். இந்த பாக்டீரியாவுக்கும் பிராணவாயு வேண்டும். மீன் மேலே வந்து தவித்தால் உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அதோடு பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து விட்டால் நைட்ரைட்டின் கடுமை குறையும். கப்பி, மோலி, தங்கமீன் இந்த உப்பைத் தாங்கும். போர் தண்ணீர் காரத்தன்மை கூடியதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

நன்றாக ஓடுகிற தொட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய சுத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வைப்பார்கள். ஒரு மாதமாகச் சேர்ந்த பாக்டீரியா அதோடு போச்சு! குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சமும் சாகும். அப்புறம் பழையபடி மீன் மிதக்கும். பழி மீன் விற்றவர் மேல். வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். மீனுக்குச் சீக்கு என்று கண்ட ஆன்டிபயாடிக் மருந்தைத் தொட்டியில் கொட்டினால் இந்த பாக்டீரியாவும் செத்துப்போகும். மருந்து கொடுக்கத் தனி வாளி வைத்துக்கொள்வது நல்லது.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். நைட்ரேட் உள்ள தண்ணீர். கத்தரிச் செடிக்கோ வாழைக்கோ ஊற்றலாம். உப்புப் போட்ட வாரத்துத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.