யாரும் இல்லாத ஊருக்கு ஒரு மேயர்

ஓர் ஆள்கூடக் குடியிருக்காத ஊருக்கு மேயர் இருப்பாரா? பிரான்ஸில் இருக்கிறார்!

வடகிழக்கு பிரான்ஸில், வெர்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விவசாயக் கிராமம் ஃப்ளூரி. முதல் உலகப் போர் நடந்த காலம், 1916-ஆம் ஆண்டு. இந்த ஊரைப் பிடிக்க பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் மாறி மாறி மோதின. ஊர் 16 முறை கைமாறியது. கடைசியில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. மண்ணுக்குள் எங்கு பார்த்தாலும் வெடிக்காத குண்டுகள். ஊரை விட்டுப் போன மக்கள் திரும்பி வந்து குடியேற வழியே இல்லை. அரசாங்கம் அங்கே மரங்களை நட்டது.

ஆனால் ஊரின் பெயரை அழிக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. பிரான்ஸுக்காக உயிர்விட்ட ஊர் என்று அதற்கு மரியாதை செய்தார்கள். இன்றைக்கும் மேயரை நியமிக்கிறார்கள்.

அங்கே போனால், குண்டு விழுந்த பள்ளங்களை மூடிப் புல் வளர்ந்திருக்கும். இது தெரு, இது பள்ளிக்கூடம், இது விவசாயி வீடு என்று சின்னச் சின்ன அடையாளக் கற்கள் இடம் காட்டும். தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிற்றாலயம் இருக்கிறது.

ஓட்டுப் போட ஆளில்லாத அந்த ஊரில், மேயரின் முதல் வேலை ஊரின் நினைவைக் காப்பாற்றுவதுதான்!