விறகும் உயிரும்

அரசியல் மேடைகளில் விறகுக்கு இடமில்லை. வரியைப் பற்றியும், நதிநீரைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும் ஓயாமல் விவாதிக்கும் நாம், ஏழையின் அடுப்பில் எரியும் கட்டை எங்கிருந்து வந்தது, அதை வெட்டியவன் முழு உடம்போடு வீடு திரும்பினானா என்று கேட்பதே இல்லை. இன்று அந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். கள்ளக்குறிச்சிப் பகுதியிலும், அதன் மேற்கே மதில்போல் நிற்கும் கல்வராயன் மலையிலும் வாழும் ஜனங்களுக்கு இது அன்றாட வாழ்வைப் பற்றிய விஷயம். அவர்களுக்கு உண்டாகும் அபாயங்களில் மிகப் பெரியது எதுவென்றால், பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றும் ஒரு காரியம்: சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டுவது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. ஏறக்குறைய 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரமுள்ளது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் புளியும் சேகரித்து ஜீவனம் செய்கிறார்கள். 1976-ம் வருஷம் வரையில் ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019-ம் வருஷத்தில்தான். ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் அடுப்பு வழங்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கியது உண்மையே. ஆனால் அடுப்பு வந்துவிட்டால் போதுமா? தீர்ந்துபோன சிலிண்டரை மாற்றக் கையில் ரொக்கம் வேண்டும். மலைப் பாதையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். ரொக்கம் இல்லாத மாதத்தில் கோடாலியும் தலைச்சுமையுமே கதி.

ஏழை ஏன் சாய்ந்த மரத்தைத் தேடிப் போகிறான்? காரணங்கள் பல. 1882-ம் வருஷத்து வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டில் பச்சை மரத்தின் மேல் கை வைத்தால் வழக்கு வரும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக ஊறியிருக்கிறது. காய்ந்ததும் சாய்ந்ததும் யாருக்கும் வேண்டாத மரம் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். சரிவில் முளைத்த மரமோ வெளிச்சத்தை நாடிப் பள்ளத்தின் பக்கமே சாய்ந்து வளர்கிறது. சமவெளியில் ஏரிக்கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் பல கிளைகளாகப் பிரிந்து கோணலாகவே நிற்கிறது. போதாததற்குப் புயல்கள் வேறு. 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் பெருமழை கொட்டியது. மழையில் ஊறிய மண் வேரைப் பிடித்து நிறுத்துவதில்லை. புயல் ஓய்ந்த மறுநாளே ஜனங்கள் அரிவாளும் கோடாலியுமாகப் புறப்படுகிறார்கள். பாதி வேலையைக் காற்று செய்துவிட்டது, மீதியைத்தானே நாம் செய்யவேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த மீதியிலேதான் யமன் காத்திருக்கிறான்.

சாய்ந்த மரம் நாணேற்றிய வில்லுக்குச் சமம். அதன் மேற்புறத்து நார்கள் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. கீழ்ப்புறத்து நார்கள் நெருக்குண்டு கிடக்கின்றன. வெட்டுகிறவன் வழக்கம்போல் சாய்வுக்கு எதிர்ப்புறத்தில், அதாவது மரத்தின் முதுகுப்பக்கத்தில், நின்று கோடாலியைப் போடுகிறான். பாதி வெட்டு ஆகுமுன்பே மரம் தன் பாரத்தாலேயே முன்னே இறங்கத் தொடங்குகிறது. ஆனால் வெட்டுப்படாத கட்டை இன்னும் தடிப்பாக இருப்பதால் அது வளைந்து கொடுப்பதில்லை. வளைய முடியாதது பிளக்கிறது. வெடிபோன்ற சப்தத்துடன், வெட்டுவாயிலிருந்து மேல்நோக்கி, நாரின் போக்கிலேயே, ஓர் ஆள் உயரத்துக்கோ அதற்கு மேலேயோ அடிமரம் இரண்டாகக் கிழிகிறது.

பிறகு நடப்பதை, கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஏற்ற மரத்தின் ஒரு முனை தாழ்ந்தால் மறு முனை எழும்பும். அதைப் போலவே மரத்தின் தலைப்பாரம் முன்னே தாழும்போது, கிழிந்த பின்பாதியின் அடி பின்புறமாக உதைத்துக்கொண்டு மேலே எழும்புகிறது. அந்த இடத்திலேதான் வெட்டுகிறவனுடைய மார்பும் முகமும் இருக்கின்றன. விலகி ஓட அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. எழும்பிய கட்டை கடைசியில் முறிந்து எந்தப் பக்கம் விழும் என்று அநுபவசாலிகளாலும் சொல்ல முடியாது.

கீழ்ப்புறத்திலிருந்து அறுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அப்போது ரம்பம் நெருக்குண்டு மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கப் போராடுகிறவன், விழப்போகும் மரத்தின் அடியிலேயே நின்றுகொண்டிருப்பான்.

இன்னும் சில அபாயங்களையும் சொல்லவேண்டும். சாய்ந்த மரம் வேறொரு மரத்தின் மேல் தொத்திக்கொண்டு நிற்பது உண்டு. தாங்கும் மரத்தை வெட்டினால் இரண்டும் சேர்ந்து வெட்டியவன் மேல் விழும். காட்டுக் கொடிகள் இரண்டு மூன்று மரங்களைப் பிணைத்திருந்தால், ஒன்று விழும்போது மற்றொன்றின் பட்ட கிளை முறிந்து தலையில் இறங்கும். புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்துவிட்டால், மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்த்தூர் பாரம் நீங்கியவுடன் மறுபடியும் குழியில் சடாரென்று விழும். அந்தக் குழியில் குழந்தைகள் இறங்கி விளையாடுவது வழக்கம் என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. சரிவில் துண்டுபோட்ட கட்டை உருண்டால் கீழே சுள்ளி பொறுக்கும் பெண்களின் கதி என்ன?

ஆகையால் கோடாலியோடு காட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் விதி இதுதான்: கனத்துச் சாய்ந்த மரத்தைத் தனியாக வெட்டாதே, விட்டுவிடு. பயிற்சி பெற்றவர்கள் இத்தகைய மரத்தைக் கையாளும் முறை வேறு. அடிமரத்தை வெட்டுவாய்க்கு மேலே சங்கிலியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சாய்வுப் பக்கத்தில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, நடுக்கட்டையை எந்திர ரம்பத்தால் பக்கவாட்டில் துளைத்து அறுத்து, முதுகுப்பக்கத்தில் ஒரு பட்டையை மட்டும் கடைசி வரையில் மிச்சம் வைத்து, பிறகு அதை விடுவிக்கிறார்கள். இது பழகிய கைகளுக்கே உரிய வேலை. ரம்பத்தை விலைக்கு வாங்கியதனால் பயிற்சியும் கூடவே வந்துவிடாது.

எந்த மரத்தை வெட்டினாலும் சில விதிகளை எல்லாரும் அறிந்திருக்கவேண்டும். வெட்டுமுன் அண்ணாந்து பார்த்துப் பட்ட கிளை உண்டா என்று அறிய வேண்டும். அடியில் பொந்தும் உளுப்பும் உண்டா, வேரருகே மண் வெடித்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக்கூடாது. ஓடும் வழியை முன்னரே செத்திச் சீர்செய்துகொள்ள வேண்டும். மரத்துக்கு நேர் பின்னே ஓடாமல், பின்புறமாகக் கோணத்தில் விலகி ஓடவேண்டும். சரிவில் பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் ஓடலாகாது. காற்று வீசும் நாளில் கோடாலியைத் தொடவே வேண்டாம்.

இவையெல்லாம் ஜனங்கள் செய்யவேண்டியவை. சர்க்கார் செய்யவேண்டியது என்ன? மரம் வெட்டும் தொழில் உலகத்தின் மிக அபாயமான தொழில்களில் ஒன்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வன வேலையின் பாதுகாப்புக்கென்றே 1998-ல் ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. பயிற்சியும், விபத்து நேர்ந்தால் காப்பாற்றும் ஏற்பாடும் அவசியம் என்று அது வற்புறுத்துகிறது. ஆனால் எஜமானன் என்று ஒருவன் இருந்தால்தானே அவனை விதிகள் கட்டுப்படுத்தும்? நஷ்ட ஈடு தரும்படி சட்டம் முதலாளியைத்தான் கேட்கிறது. தன் அடுப்புக்காகத் தானே விறகு வெட்டுகிறவனுக்கு முதலாளி யார்?

இந்தத் தேசத்தில் விறகு வெறும் விறகாக மட்டும் இருந்ததில்லை. 1930-ல் மத்திய மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் ஜனங்கள் வனச் சட்டத்தை மீறிச் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். சுயராஜ்யம் வந்து நெடுங்காலம் சென்ற பிறகு, 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் மலைமக்களின் உரிமைப் பொருள்களாக ஒப்புக்கொண்டது. உரிமையை ஒப்புக்கொண்ட சர்க்கார் அதை உயிர்ச்சேதமின்றி அநுபவிக்கவும் வழி செய்யவேண்டாமா?

மழைக்காலம் முடிந்ததும், புயல் அடித்த ஒவ்வொரு தடவையும், காட்டிலாகாவினர் கிராம வனக் குழுக்களோடு சேர்ந்து பாதையோரத்திலும் ஊரோரத்திலும் உள்ள அபாயமான சாய்மரங்களைக் கணக்கெடுத்து அடையாளமிட வேண்டும். பயிற்சி பெற்ற குழு ஒன்று வடக்கயிறும் சங்கிலியும் கொண்டு அவற்றை இறக்க வேண்டும். கிடைத்த கட்டையை ஏலம் போட்டுப் பணமாக்காமல் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் மலைவாசி இளைஞர்களையே சேர்த்துப் பழக்கினால் அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும்; ஊருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.

கள்ளக்குறிச்சியில் 2022-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் காலில் மரம் விழுந்து இரத்தம் பெருக்கும் மனிதனுக்கு, அந்த ஆஸ்பத்திரியின் வாசல் எத்தனை மணி நேரப் பிரயாணம்? 2024-ல் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தால் 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட பிறகுதான், சென்னை ஹைகோர்ட் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பெரும் துக்கம் நேர்ந்தால்தான் மலை நம் கண்ணில் படுமா? ஒருவர் ஒருவராக மரத்தடியில் மாள்பவர்கள் ஒரு நாளும் பெருங்கூட்டமாகச் சேர்வதில்லை. அதனால் அவர்கள் கணக்கிலும் சேர்வதில்லை.

கிராமங்களில் வேலை செய்யும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாய்மரங்களைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மேலே கண்ட விதிகளை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி வாயால் சொல்லுங்கள். முக்கியமாகப் பெண்களிடம் சொல்லுங்கள். ரேஞ்சருக்கும் கலெக்டருக்கும் மனுப் போடுங்கள். பதில் வரும் வரையில் விடாதீர்கள். ஒரு வேளைச் சோற்றை வேகவைக்க ஓர் உயிரை விலை கொடுக்கும் நிலை, சுதந்திர நாட்டுக்கு அழகாகாது.