நாற்றுக்கு விளக்கு வேண்டுமா, வெயில் வேண்டுமா?

"ஏனுங்க ஐயா, புழு மனையில அடுக்கு சும்மாதான் கெடக்குது. அதுல ட்யூப் லைட்டைக் கட்டித் தக்காளி நாத்து விட்டா ஆகாதுங்களா? செல்போன்ல பார்த்தேன், வெளிநாட்டுல வீட்டுக்குள்ளயே அப்படித்தான் பண்றாங்க."

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பட்டு விவசாயி ஒருவர் இப்படிக் கேட்டார். ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடும் சமயத்தில் பலருக்கும் எழக்கூடிய கேள்விதான். விளக்கும் அடுக்கும் வாங்கிப் பணத்தை முடக்கும் முன்பு, சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

குளிர் நாடுகளில் ஏன் செய்கிறார்கள்?

அங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலம் உறைந்து கிடக்கும். பகற்பொழுதும் குறுகியது. வெயில் காலமோ சில மாதங்கள்தான். அதற்குள் தக்காளியும் மிளகாயும் காய்க்க வேண்டுமானால், பனி விலகும் முன்பே வீட்டுக்குள் அடுக்கு வைத்து, விளக்குப் போட்டு நாற்றைத் தயார் செய்தாக வேண்டும். அவர்களுக்கு வெயில் பற்றாக்குறை. நமக்கு அந்தக் குறை இல்லை. நமது நாற்றுக்குத் தேவை அளவான நிழலும், பூச்சியிலிருந்தும் அடைமழையிலிருந்தும் பாதுகாப்பும்தான்.

வெளிச்சக் கணக்கு

வெளிச்சத்தை 'லக்ஸ்' என்னும் அளவையால் அளப்பார்கள். உச்சி வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். 50 சதவீத நிழல்வலைக்குள் அதில் பாதி கிடைக்கும். இரவில் குழல் விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறை, நாற்றுக்கு இருட்டறை போலத்தான்.

வெளிச்சம் போதாத நாற்று, வெளிச்சத்தைத் தேடி மேலே நீளும். தண்டு நூல் போல மெலியும், இலை வெளிறும். உயரத்தைப் பார்த்து நன்றாக வளர்கிறது என்று நினைப்போம். ஆனால் நட்ட மறு நாள் ஆடிக்காற்று வீசினால் மடிந்து விழும். வேரழுகல், நாற்றழுகல் நோய்களும் இத்தகைய நாற்றைத்தான் முதலில் தாக்கும்.

செலவுக் கணக்கு

இணை வரிசை முறையில் வீரிய ஒட்டுத் தக்காளி நட, ஏக்கருக்குச் சுமார் 9,400 நாற்று வேண்டும். 98 குழி கொண்ட தட்டு என்றால் 96 தட்டு.

4 அடிக்கு 2 அடி உள்ள ஓர் அடுக்குப் பலகையில் 4 குழித்தட்டுகள் வைக்கலாம். நாற்று ஓரளவு திடமாக வளர, அந்தப் பலகைக்கு 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு நான்காவது வேண்டும். 96 தட்டுக்கு 24 பலகை, 96 விளக்கு. முளைத்தபின் 19 நாள், தினம் 14 மணி நேரம் எரித்தால் சுமார் 510 யூனிட் மின்சாரம் செலவாகும். இத்தனையும் செய்தாலும் நிழல்வலை நாற்றின் திடம் வராது. ஆனால் இதே 96 தட்டுகளை நிழல்வலைக்குள் வைக்க ஒரு சென்ட் இடம் தாராளம். அங்கே வெளிச்சத்துக்குக் காசில்லை.

புழு மனையில் வேண்டவே வேண்டாம்

பட்டு வளர்க்கும் விவசாயிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். புழு மனையில் ஈரப்பதம் அதிகம், வெளிச்சம் மங்கல். இரண்டும் புழுவுக்கு ஏற்றவை, நாற்றுக்கு ஆகாதவை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீரிய விதைகள் பலவும் பூச்சிமருந்து கலந்தே வருகின்றன. நாற்றுக்கும் மருந்து தெளிக்க நேரிடும். பட்டுப்புழுவோ பூச்சி இனம். அடுக்கிலோ தட்டிலோ மருந்து துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த தொகுதிப் புழு மடியக்கூடும். தக்காளி நாற்றில் மிச்சம் பிடிக்கப் போய், கூட்டில் வரும் வருமானத்தை இழக்கக் கூடாது. மருந்து தொட்ட கையோடு மல்பெரி தழையைத் தொடுவதும், நாற்று கட்டிய சாக்கில் தழை கட்டுவதும் கூடாது.

செய்ய வேண்டிய முறை

மூங்கில் அல்லது சவுக்குக் கால் நட்டு, மேலே 50 சதவீத நிழல்வலை போடவும். சுற்றிலும் 40 அல்லது 50 மெஷ் பூச்சி வலை கட்டவும். இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈயை இது தடுக்கும். வாசலைத் திறந்து போட்டால் வலை கட்டியும் பயனில்லை. அடைமழை பெய்யும்போது மேலே பாலித்தீன் தாள் விரித்து, மழை விட்டதும் எடுத்துவிடவும்.

மக்கிய தென்னை நார்க்கழிவு 300 கிலோவுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ என்ற விகிதத்தில் கலக்கவும். ஒரு தட்டுக்கு 1.2 கிலோ பிடிக்கும். 96 தட்டுக்குச் சுமார் 115 கிலோ போதும். மக்காத நார்க்கழிவைப் பயன்படுத்தினால் நாற்று மஞ்சளித்து நின்றுவிடும்.

மருந்து கலக்காத விதையானால் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் கலந்து விதைக்கவும். குழிக்கு ஒரு விதை இட்டு, நார்க்கழிவால் மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் போர்த்தவும். தக்காளி, மிளகாய், கத்தரி விதை முளைக்க விளக்கு தேவையில்லை. கதகதப்பும் ஈரமும் போதும். இந்த நாட்களில் மட்டும் தட்டுகள் திண்ணையிலோ கொட்டகையிலோ இருக்கலாம்.

முளை எட்டிப் பார்த்ததும், தக்காளிக்குச் சுமார் 6-ஆம் நாள், தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்பவும். இங்கே ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நீண்டுவிடும். அதன்பின் விளக்கு வைத்தாலும் நீண்ட தண்டு குறுகாது. தினமும் பூவாளியால் நீர் தெளிக்கவும். 18-ஆம் நாள் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஊற்றவும். நடுவதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்து நீரைக் குறைத்து, வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டி நாற்றைக் கடினப்படுத்தவும். தக்காளியை 25 நாளில் நடலாம். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும்.

விளக்கு எங்கே உதவும்?

வீட்டுத் தோட்டத்துக்கு ஓரிரு தட்டு நாற்று போதும், வெயில் படும் இடமே இல்லை என்றால் விளக்கு வைக்கலாம். நாற்றின் நுனிக்கு அரை அடிக்குள் விளக்கு இருக்க வேண்டும். செடி வளர வளர விளக்கை உயர்த்தவும். பகலில் 14 மணி நேரம் எரித்து, இரவில் அணைத்துவிடவும். காற்றோட்டமும் தேவை. நீர் ஊற்றும் இடமாதலால் ஒயர் இணைப்புகளைத் தட்டுக்கு மேலே, ஈரம் படாமல் அமைக்கவும்.

அந்த விவசாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அடுக்கைப் புழுவுக்கே விட்டுடறேனுங்க" என்றார். மீதமிருக்கும் பணத்துக்கு நல்ல பூச்சி வலை வாங்குங்கள் என்று சொல்லி வந்தேன். நாற்று விடப்போகும் மற்றவர்களும் கோபியிலுள்ள மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பவானிசாகர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வலை வாங்கினால் நலம்.