ஃபியூல் பம்புக்குக் கரண்ட் வருகிறதா? முதலில் அதைப் பாருங்கள்!

முன்பெல்லாம் மாட்டு வண்டி கட்டிச் சந்தைக்குப் போவோம். இப்போது பல வீடுகளில் பெட்ரோல் வண்டி இருக்கிறது. பழைய கார், வேன் என்று வாங்கி, தக்காளியும் கத்தரியும் ஏற்றிப் போகிறோம். அந்த வண்டி பாதி ராத்திரியில் மக்கர் செய்தால், நஷ்டம் வண்டிக்கு மட்டும் இல்லை, சரக்குக்கும்தான். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பக்கத்தில் நிற்பவர் உடனே, "ஃபியூல் பம்ப் போயிடுச்சு, புதுசு போடணும்" என்பார். பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பம்புக்குக் கரண்ட் வருதா?"

பழைய கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் பெட்ரோல் இழுக்கும் பம்பை இன்ஜினே இயக்கியது. 2000-ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டில் பரவலாக வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி இல்லை. பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயே ஒரு சின்ன மின்சார மோட்டார் இருக்கிறது. அதுதான் ஃபியூல் பம்ப். கரண்ட் வரவில்லை என்றால், பம்ப் புத்தம் புதியதாக இருந்தாலும் ஓடாது.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கடைமடை வயல் மட்டும் காய்கிறது என்றால் வயலையா குறை சொல்வீர்கள்? வாய்க்கால் வழியே நடந்து எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று பார்ப்பீர்கள் அல்லவா? இங்கேயும் அதே வேலைதான். பேட்டரிதான் கிணறு. அங்கிருந்து ஃபியூஸ், ரிலே, ஒயர், பிளக் என்று கரண்ட் நடந்து பம்புக்கு வருகிறது. வேலை முடித்து எர்த் ஒயர் வழியாகத் திரும்பிப் போகிறது. இந்த வழியில் எது அறுந்தாலும் பம்ப் நின்றுவிடும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைச் சத்தமில்லாத இடத்தில் வைத்து, ஒருவரைப் பின் சீட்டுப் பக்கம் காதை வைக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் 'உய்ங்' என்று இரண்டு விநாடி ஓடி நின்றுவிடும். அது கோளாறு இல்லைங்க. இன்ஜின் சுற்றாதபோது பெட்ரோல் பாயக் கூடாது என்று வண்டியின் கம்ப்யூட்டரே நிறுத்துகிறது.

இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். சாவியைப் போட்டுவிட்டு, நிதானமாகப் பின்னால் போய்ச் சோதித்துப் பார்த்து, "கரண்டே இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த இரண்டு விநாடி முடிந்திருக்கும்.

சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு, பெட்டி மூடியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, பம்ப் ஃபியூஸை உருவுங்கள். நடுவில் இருக்கும் கம்பி அறுந்திருக்கிறதா? கால்களில் பச்சை பூத்திருக்கிறதா? அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். 15 இருந்த இடத்தில் 30 போடுவதும், சிகரெட் காகிதத்தைச் சுற்றிச் செருகுவதும் கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்ற வேண்டிய ஒயர் எரிந்துபோகும். புதிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது, அல்லது பம்ப் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது ரிலே. சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மடை என்று இதைச் சொல்லலாம். சாவியைத் திருப்பும்போது ரிலே மேல் விரலை வைத்தால் 'டக்' என்று தட்டுவது தெரியும். அதே எண் போட்ட ஹாரன் ரிலே பெட்டியில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பம்ப் ஓடினால் பழைய ரிலேதான் குற்றவாளி.

இன்னும் இரண்டு விஷயம். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டருக்குச் சாவி அடையாளம் தெரியவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஃபோர்டு போன்ற சில கம்பெனிகளின் கார்களில், வண்டி எதிலாவது மோதினால் பம்பை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அது சில சமயம் தட்டிவிடும். எங்கும் பெட்ரோல் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே அதன் பட்டனை அழுத்த வேண்டும்.

பல்பு சொல்லும் தீர்ப்பு

இத்தனைக்கும் வழி கிடைக்கவில்லையா? பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, நீளமான இரண்டு ஒயர் இணைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை விட இது நல்லது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் பம்ப் ஓடுமளவுக்குக் கரண்ட் வராது. பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் டேங்கின் மேல் பம்ப் பிளக் தெரியும். இங்கே ஜாக்கிரதை! கதவுகளைத் திறந்து வையுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம். பெட்ரோல் வாடை அடித்தால் சோதனையையே விட்டுவிடுங்கள். சாவி அணைந்திருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, வண்டியிலிருந்து வரும் பக்கத்தில், தடித்த இரண்டு ஒயர்களின் முனைகளில் பல்பு ஒயர்களை ஆடாமல் செருகுங்கள். மெல்லிய ஒயர்கள் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கானவை. அவற்றைத் தொட வேண்டாம். சூடாகும் பல்பை வண்டிக்கு வெளியே தொங்க விடுங்கள். தீப்பொறி டேங்கின் பக்கம் விழாமல் இருக்கத்தான் இவ்வளவும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். சாவி போட்டதும் இரண்டு விநாடியும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது தொடர்ந்தும் பல்பு நன்றாக எரிகிறதா? அப்படியானால் கரண்ட் வருகிறது. பிளக் முனைகளும் கருகாமல் இருந்து பம்ப் ஓடவில்லை என்றால் பழுது பம்பில்தான், தயங்காமல் மாற்றுங்கள். சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது எரியவில்லையா? இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்ஸாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல்பு எரியவே இல்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால், சாவியை அணைத்துவிட்டு, எர்த் பக்கத்து ஒயரை மட்டும் எடுத்து, டேங்கிலிருந்து தள்ளி, துருவில்லாத பாடி போல்ட்டில் கட்டி மறுபடி பாருங்கள். இப்போது பிரகாசமாக எரிந்தால் எர்த் ஒயர்தான் கெட்டிருக்கிறது. சேற்றுத் தண்ணீர் பட்டு எர்த் போல்ட் துருப்பிடிப்பது நம் ஊர் வண்டிகளுக்குச் சகஜம். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும். அப்போதும் எரியவில்லை என்றால் ரிலேக்கும் பிளக்குக்கும் நடுவில் கோளாறு. கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். தானியம் சிந்திய வண்டியில் எலி புகுந்து ஒயரைக் கடித்திருக்கலாம்.

டிராக்டர் உள்ளிட்ட டீசல் வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. பம்பின் வேகத்தைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் புதுவகைக் கார்களையும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதே நல்லது.

கடைசியாக ஒரு வார்த்தை. டேங்கில் பெட்ரோல் வற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். பம்பின் சூட்டை ஆற்றுவது அந்தப் பெட்ரோல்தான். தானியம் ஏற்றி இறக்கியதும் வண்டியைக் கூட்டிவிடுங்கள். ஒரு பல்பும், இரண்டு முழ ஒயரும், நாலு ஃபியூஸும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். மெக்கானிக்கிடம் போனாலும், "பல்பு போட்டுப் பாத்தாச்சு, பிளக் வரைக்கும் கரண்ட் வரலைங்க" என்று சொல்லுங்கள். தேவையில்லாத பம்பை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.