உயிர் உருவாகும் விதம் – 14: முட்டைக்குள் ஒரு வாரம்

சென்ற வாரம் பசுவின் இரட்டைக் கன்றுகளைப் பற்றிச் சொல்லுகையில், உடன் வளர்ந்த காளைக்கன்றின் இரத்தம் கலப்பதால் கிடேரி மலடாகிவிடுகிற விசித்திரத்தையும், அதற்கு 1916-ல் சிகாகோவின் பிராங்க் லில்லி கூறிய காரணத்தையும் பார்த்தோம். பாலூட்டிகளில் ஆண் ஹார்மோனின் ஏவலால்தான் ஆணுறுப்புகள் உருவாகின்றன. அந்த ஏவல் இல்லாதவிடத்துப் பெண்ணுருவம் அமைந்துவிடுகிறது. கோழியினத்திலோ இந்த விதி ஏறக்குறையத் தலைகீழாகக் கிடக்கிறது.

முட்டையிடும் பெட்டையை அறுத்துச் சுத்தம் செய்தவர்கள், மஞ்சள் உருண்டைகள் பெரிதும் சிறிதுமாய்க் கொத்தாகத் தொங்குவது இடப்பக்கத்தில் மட்டுமே என்பதைக் கண்டிருப்பார்கள். இருபத்தொரு நாள் அடைகாலத்தில் சுமார் ஆறாம் நாள்வரை, பெட்டைக்கரு எது, சேவற்கரு எது என்று உறுப்பைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதன்பின் பெட்டைக்கருவில் அரோமடேஸ் என்னும் என்ஸைம் தொழிற்பட்டு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்க, இடப்பக்கத்து உறுப்பு சூலகமாய்ப் பருக்கிறது. வலப்பக்கத்தது வளர்ச்சி குன்றி, ஒரு மிச்சமாய் நின்றுவிடுகிறது. முட்டைக்குழாயும் அவ்வாறே இடப்பக்கத்தில் மட்டும் நிலைக்கிறது.

இந்த ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தால் என்ன நேரும்? அமெரிக்க விஞ்ஞானிகளான எல்பிரெக்டும் ஸ்மித்தும் அரோமடேஸை முடக்கும் மருந்தை, உறுப்புகள் பிரிவதற்கு முன்பே முட்டைக்குள் செலுத்தி, 1992-ல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: பிறப்பால் பெட்டையாக வேண்டிய குஞ்சுகள் இருபுறமும் விதைகளோடு, சேவலின் தோற்றமும் நடத்தையும் கொண்டு வளர்ந்தன, அவ்விதைகளில் விந்தணுவும் உற்பத்தியாயிற்று. மாறாக, சேவற்கருவுக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால், இடப்பக்கத்து விதை பாதிச் சூலகமாய்த் திரிகிறது. ஆயினும் குஞ்சு பொரித்தபின் அது நாளாவட்டத்தில் விதையின் இயல்புக்கே திரும்பிவிடுகிறது. மறைந்துபோயிருக்க வேண்டிய முட்டைக்குழாய் மட்டும் எஞ்சி நிற்பதுண்டு.

வலப்பக்கத்து மிச்சத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. நோயால் சூலகம் அழிந்துபோன பெட்டைகளில் அது விதையாக வளர்வதுண்டு. முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த ஒரு பெட்டை, பின்னர்ச் சேவலாகி இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையுமான கதையை எடின்பரோவின் கிரூ 1923-ல் எழுதினார். (நம்மூர்க் கிழவிகள், கூவுகிற பெட்டையை அபசகுனமென்று அறுத்துவிடாதிருந்தால், இங்கும் சில கதைகள் கிடைத்திருக்கும்!)

இவ்வளவையும் கேட்டபின், கோழியில் ஹார்மோனே சர்வாதிகாரி என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த எடின்பரோவின் அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வுக்கூடத்தார் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்குத் தடை சொல்லுகிறது. அவர்கள் பரீட்சித்த மூன்று கோழிகளில், உடலின் ஒரு பாதி பெரிய தாடியும் கால்முள்ளுமாய்ச் சேவலாகவும், மறுபாதி பெட்டையாகவும் இருந்தது. இரு பாதிகளிலும் ஓடியது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன். ஆயினும் செல்களைச் சோதித்தபோது, சேவற்பாதியில் ஆண் செல்களும் பெட்டைப்பாதியில் பெண் செல்களுமே மிகுந்திருந்தன. உடற்செல்கள் பெருமளவு தத்தம் குரோமோசோமின் சொல்லையே கேட்டு நடக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதினார்கள்.

சேவலுக்கு இஸட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே. அதில் குடியிருக்கும் டிஎம்ஆர்டி-1 என்னும் ஜீனைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.