சிங்கக்குட்டியும் வாடகைக் கடையும்

பருப்பு விலை, வரி விவகாரம், எடைக்கல் முத்திரை என்று பேசிவரும் நம் இதழில், பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு மொத்த வியாபாரி எழுதுவதா என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். படித்துப் பார்த்தால் இதுவும் நம் கடை விஷயம்தான் என்று தெரியும். தயாரிப்பவர் ஒருவர், கொள்முதல் செய்து விற்பவர் ஒருவர், வாடகைக்கு விடுபவர் ஒருவர், கடைசியில் பணம் கொடுக்கும் தாய் தகப்பன் என்று நான்கு தரப்பும் இதில் உண்டு. இவர்களுக்கு நடுவே நடந்த இழுபறியில் ஒரு சரக்கே குணம் மாறிப்போனது. நடந்த இடம் அமெரிக்கா, ஆண்டு 1994.

அந்த ஆண்டு ஜூன் மாதம் டிஸ்னி நிறுவனம் "லயன் கிங்" என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. சிம்பா என்ற சிங்கக்குட்டி தகப்பனை இழந்து, காட்டை விட்டு ஓடி, வளர்ந்து திரும்பி வந்து சித்தப்பனிடமிருந்து அரசை மீட்கும் கதை. படம் பெரிய வசூல். அந்த வசூலையும் டிஸ்னிக்காரர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். செப்டம்பரில் பள்ளிகள் திறந்து கூட்டம் குறையும் வேளையில் படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டு, நவம்பரில் பண்டிகைக் காலம் தொடங்கும்போது மறுபடி ஓட்டினார்கள். படத்தை ஒட்டிய வீடியோ விளையாட்டும் அதே பருவத்தில்தான் கடைகளுக்கு வந்தது. தீபாவளிக்கு முன்பு பட்டாசுக் கடையில் சரக்கு இறங்குவது போல, அங்கே கிறிஸ்துமஸுக்கு முன்பு பொம்மைக் கடைகளில் சரக்கு இறங்கும்.

விளையாட்டைச் செய்தது லாஸ் வேகாஸ் நகரிலிருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். விற்பனைக்குக் கொண்டுவந்தது விர்ஜின் நிறுவனம். அந்நாளில் இது டி.வி. பெட்டியோடு இணைக்கும் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ், அதாவது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. சேகா கருவிக்கு ஒன்று, நின்டெண்டோ கருவிக்கு வேறொன்று. ஒன்றை மற்றதில் போட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, 1993-இல், "அலாவுதீன்" படத்துக்கு இன்னும் வேடிக்கை நடந்தது. சேகாவுக்கு விர்ஜின் ஒரு விளையாட்டும், நின்டெண்டோவுக்கு ஜப்பானின் கேப்காம் இன்னொரு விளையாட்டும் செய்தன. படம் ஒன்று, பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. ஒன்றில் அலாவுதீன் கையில் வாள் இருக்கும். மற்றதில் வாளே கிடையாது, ஆப்பிளை எறிவான், எதிரியின் தலைமேல் குதிப்பான். "அலாவுதீன் கொடுங்கள்" என்று வரும் வாடிக்கையாளரிடம், "உங்கள் வீட்டில் எந்தக் கருவி?" என்று கேட்காமல் கொடுத்த கடைக்காரர் மறுநாள் அந்தச் சரக்கைத் திரும்ப வாங்க வேண்டியதுதான்.

லயன் கிங் விளையாட்டில் 10 கட்டங்கள். முதல் 6 கட்டங்களில் சிம்பா குட்டி. கடைசி 4 கட்டங்களில் பிடரி மயிர் வளர்ந்த சிங்கம். குட்டியாக இருக்கும்போது உருண்டு, தாவி, எதிரியின் மேல் குதித்துத்தான் பிழைக்க வேண்டும். கர்ஜித்தாலும் சத்தம் பூனைக்குட்டி அளவுதான். பூச்சிகளைப் பிடித்துத் தின்றால் இழந்த பலம் திரும்பும். டிஸ்னியின் ஓவியர்களே உருவங்களை வரைந்து கொடுத்ததால், சின்னத் திரையில் படமே ஓடுவது போன்ற அழகு. முதல் கட்டம் எளிது. சின்னப் பிள்ளையும் முடித்துவிடும்.

இரண்டாவது கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிகளின் தலைகளைப் படிக்கட்டாக வைத்துத் தாவ வேண்டும். நெருப்புக்கோழி மேல் ஏறிப் பாய்ந்து ஓடும்போது மேலே கிளை வந்தால் குனிய வேண்டும், கீழே தடை வந்தால் எம்ப வேண்டும். இவை கூடப் பழகினால் வரும். நடுவில் மரத்துக்கு மரம் குரங்குகள் சிம்பாவை வாலைப் பிடித்துத் தூக்கி எறியும். எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் அது எந்தப் பக்கம் திரும்பும், அதனால் குட்டி எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஒன்று தவறினால் பழைய இடத்துக்கே வந்து சேர்வான். ஏழெட்டு வயதுப் பிள்ளை எத்தனை முறை முயன்றாலும் சுற்றிச் சுற்றி அதே மரத்தில் நிற்கும். படத்தில் துள்ளிக் குதித்துப் பாடும் மகிழ்ச்சியான காட்சி அது; விளையாட்டில் அதுவே பிள்ளைகள் அழும் இடமாகிவிட்டது.

ஏன் இப்படி? வெஸ்ட்வுட் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லூயிஸ் காசில், பல ஆண்டுகள் கழித்துப் பேட்டியில் காரணத்தைச் சொன்னார். வாடகைக்கு எடுத்துப் போகிற பிள்ளை குறிப்பிட்ட ஓர் எல்லைக்கு மேல் போய்விடக் கூடாது என்பது டிஸ்னியின் விருப்பம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் பிள்ளை முடித்துவிட்டால் தகப்பன் விலை கொடுத்து வாங்கமாட்டார். முடியாமல் நின்றால் வாங்குவார் என்பது கணக்கு. அதற்காகக் குரங்குப் புதிரைக் கடைசி நேரத்தில் கடினமாக்கினார்கள். அவர் இதைச் சொன்னபோது, அந்நாளில் ஆடியவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார்.

இங்கே வாடகைக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் வீடியோ கேசட் வாடகைக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். அமெரிக்காவில் அதில் பெரிய பெயர் பிளாக்பஸ்டர். 1985-இல் டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரில் முதல் கடை. பட கேசட்டோடு விளையாட்டுக் கார்ட்ரிட்ஜையும் வாடகைக்கு விட்டார்கள். ஒரு கார்ட்ரிட்ஜ் 60 டாலர், ஒரு வாடகை 3 டாலர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 முறை போய்வந்தால் முதல் திரும்பியது. அதற்குமேல் வருவதெல்லாம் லாபம். வாங்கும் வீட்டுக்கும் 60 டாலர் சிறிய தொகை அல்ல. 3 டாலரில் பிள்ளையின் ஆசை தீருமென்றால் யார்தான் விடுவார்கள்?

விளையாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1989-இல் நின்டெண்டோ பிளாக்பஸ்டர் மீது வழக்குப் போட்டது. வாடகைக்கு விட்டதற்காகப் போட முடியவில்லை, ஏனென்றால் விலை கொடுத்து வாங்கிய பொருளை வாடகைக்கு விட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. கார்ட்ரிட்ஜோடு வரும் விளக்கப் புத்தகம் தொலைந்துபோனால் பிளாக்பஸ்டர் கடைகளில் ஜெராக்ஸ் எடுத்து வைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, பதிப்புரிமை மீறல் என்று வழக்கு. 1990-இல் கம்ப்யூட்டர் புரோகிராம்களை அனுமதியின்றி வாடகைக்கு விடக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டமே வந்தது. ஆனால் வீடியோ விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுக்கு அதில் விலக்கு கிடைத்தது. வாடகைக் கடைக்காரர்கள் தப்பித்தார்கள். நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் அடைக்க முடியாத வழியைத்தான் பிறகு சரக்குக்குள்ளேயே அடைக்கப் பார்த்தார்கள். குரங்குகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கார்ட்ரிட்ஜ் வியாபாரத்தில் முதல் முடக்கம் அதிகம். நின்டெண்டோ கருவிக்கு விளையாட்டு செய்பவர் கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவிடமே செய்யக் கொடுத்து, முன்பணம் கட்டி எடுக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வந்து சேரவே மாதங்கள் ஆகும். எத்தனை விற்கும் என்பதைப் பண்டிகைக்கு வெகு முன்பே மனக்கணக்காகப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் பண்டிகை நாளில் கடை காலி. கூட்டிப் போட்டால் ஜனவரியில் சரக்கு தேங்கும். வெல்லம், புளி போல இன்னொரு பருவத்துக்கு வைத்து விற்க இயலாது, படம் பழசாகிவிடும்.

தேங்கினால் என்ன ஆகும் என்பதையும் அந்த வியாபாரம் பார்த்திருந்தது. 1982-இல் அட்டாரி நிறுவனம் "ஈ.டி." என்ற படத்தின் பெயரில், சுமார் 5 வாரத்தில் அவசரமாகச் செய்த விளையாட்டை லட்சக்கணக்கில் தயாரித்து இறக்கியது. விற்காமல் பெரும்பகுதி திரும்பி வந்தது. 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் மற்ற தேங்கிய சரக்கோடு அதையும் கொட்டிப் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது பெட்டிகள் வெளியே வந்தன. அந்தச் சரிவுக்குப் பிறகு வீடியோ விளையாட்டு என்றாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் கும்பிடு போட்டார்கள். 1985-இல் நின்டெண்டோ நியூயார்க்கில் நுழைந்தபோது, விற்காத சரக்கை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்த பிறகுதான் அலமாரியில் இடம் கிடைத்தது. எந்தச் சரக்கையும் விளம்பரத்தை நம்பி வாங்காமல், "திருப்பி எடுப்பீர்களா?" என்று கேட்ட அந்த நியூயார்க் கடைக்காரர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் குரங்குப் புதிர் எனக்கு உறுத்துகிறது. வாடகைக்கு எடுத்தவனை மட்டுமா அது தடுத்தது? முழு விலை கொடுத்து வாங்கிய பிள்ளையையும் அதே மரத்தில்தான் நிறுத்தியது. பெட்டியின் மேல் அழகான சிங்கக்குட்டிப் படம்; உள்ளே இருப்பது கைதேர்ந்தவனுக்கான புதிர் என்று அட்டையில் எங்கும் இல்லை. விற்பனை என்னவோ குறையவில்லை. சேகா, நின்டெண்டோ இரண்டிலும் தனித்தனியே 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. கணக்குப் போட்டவர் கணக்கில் தேறினார். பிள்ளையோடு கடைக்கு வந்து, "இது ஏன் ஆடவே முடியவில்லை?" என்று கேட்ட தகப்பனுக்குப் பதில் சொல்லவேண்டியவர், காரணமே தெரியாத கடைக்காரர்.

அதே கிறிஸ்துமஸுக்கு லயன் கிங் பெயரில் இன்னொரு சரக்கும் வந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் கதைப் புத்தகத் தகடு. அது மைக்ரோசாப்டின் விங்-ஜி என்ற மென்பொருளை நம்பியிருந்தது. அந்த ஆண்டு காம்பேக் பிரசாரியோ என்ற கம்ப்யூட்டர் வீடுகளில் நிறைய வாங்கப்பட்டது. அதிலிருந்த திரைப் பகுதியோடு இந்தத் தகட்டைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. பண்டிகைக் காலையில் பரிசைப் பிரித்துப் போட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோனது. டிஸ்னியின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. தகடுகள் குவியலாகக் கடைகளுக்குத் திரும்பின. இதற்குப் பிறகுதான் மைக்ரோசாப்ட் 1995-இல் டைரக்ட்-எக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கான காரணங்களில் இந்தச் சம்பவமும் ஒன்று.

நல்ல விளையாட்டு, நல்ல பெயர், சரியான பருவம் எல்லாம் இருந்தும் இரண்டு சரக்கும் வாடிக்கையாளர் முகத்தைச் சுளிக்க வைத்தன. ஒன்று வேண்டுமென்றே, மற்றது கவனக்குறைவால். முன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம்மிடையேயும் கம்பெனி ஏஜெண்டுகள் புதுச் சரக்கோடு வரும்போது விலை, கழிவு, கடன் நாள் இவற்றையே பேசுகிறோம். யாருடைய விற்பனையை மடக்க இந்தச் சரக்கு இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

அந்த இரண்டு விளையாட்டுகளும் 2019 அக்டோபரில் புதிய கருவிகளுக்காக ஒரே தொகுப்பாக மறுபடி விற்பனைக்கு வந்தன. நின்டெண்டோவின் வாளில்லா அலாவுதீன் அதில் விடுபட்டு, 2021-இல் சேர்ந்தது. குரங்குகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தவறினால் பின்னோக்கி ஓட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தாவலாம்; வேண்டிய கட்டத்துக்கு நேரே போகலாம்; விளையாட்டு தானாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். பிளாக்பஸ்டர் 2010-இல் திவால் மனு கொடுத்தது. 2019-இல், ஓரிகன் மாநிலம் பெண்ட் என்ற ஊரில் அந்தப் பெயரில் உலகிலேயே ஒரே ஒரு கடைதான் மிஞ்சியிருந்தது.