பழைய ஜோக்குக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

பூங்கா பெஞ்சில் நாலு பெரியவர்கள். ஒருவர் பல்செட்டைத் தொலைத்த கதையைச் சொல்கிறார், நூறாவது தடவையாக. ஆனாலும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். எப்படி?

சிரிப்புக்கு ஜோக்கைவிடக் கூட்டாளிதான் முக்கியம். தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கையில் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கணக்கிட்டார் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைன். விழுந்து விழுந்து சிரிக்கும்போது மூச்சை விட்டு விட்டு வெளியே தள்ளுகிறோம். வயிற்றுத் தசைகள் களைத்துப்போகின்றன. அந்த உழைப்பில் மூளையில் எண்டார்பின் சுரக்கிறது. உடம்பே தயாரிக்கும் வலிமருந்து அது. சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியதை உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பாரின் குழு சோதித்துக் கண்டது. (மூட்டுவலி தீர்ந்துவிடாது, கொஞ்சம் மறக்கும்.)

1995-இல் மும்பைப் பூங்காவில் மருத்துவர் மதன் கட்டாரியா தொடங்கிய சிரிப்பு மன்றத்தில் சீக்கிரமே ஜோக்குகள் தீர்ந்துபோயின. ஜோக்கே இல்லாமல் சிரித்துப் பார்த்தார்கள். முதலில் பொய்ச்சிரிப்பு, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகிவிட்டது.